சாமிக்கு ஒரு நல்ல சுருட்டு! படவேட்டிலிருந்து விராலிமலை வரை ஒரு வாசனைப் பயணம்

ஆடி வெள்ளிக்கிழமை. ஆரணியிலிருந்து படவேட்டுக்குக் கிளம்பும் குடும்பங்களின் பையில் என்னென்ன இருக்கும்? பச்சரிசி, வெல்லம், மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம், அம்மனுக்குச் சாத்த ஒரு சேலை. சிலருடைய பையின் அடியில் மட்டும், பழைய செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு சின்னப் பொட்டலம் இருக்கும். அதில் இரண்டு சுருட்டு.

அது அம்மனுக்கு அல்ல. ரேணுகாம்பாள் சந்நிதியில் சுருட்டுக்கு வேலையே கிடையாது. அம்மனைக் கும்பிட்டு, பொங்கல் வைத்து, திருநீறு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதும், அவரவர் ஊர் ஏரிக்கரையிலோ வேப்பமரத்தடியிலோ நிற்கும் முனீஸ்வரனுக்கும் ஒரு இலை போடவேண்டும் அல்லவா? அந்த இலைக்குத்தான் சுருட்டு. அம்மனுக்குப் பொங்கல், காவல்காரருக்குச் சுருட்டு. இந்தக் கணக்கில் குழப்பமே வராது.

உலகத்தில் பணக்காரர்கள் குழந்தை பிறந்தால், தேர்தலில் ஜெயித்தால், பெரிய வியாபாரம் முடிந்தால் விலையுயர்ந்த சிகார் ஒன்றைப் பற்ற வைப்பார்கள். அதை எப்படிப் பார்ப்பது, எப்படி முகர்வது, எப்படி மார்க் போடுவது என்பதற்குத் தனிப் பத்திரிகைகளே உண்டு. தமிழ்நாட்டிலும் விசேஷ நாள் சுருட்டு உண்டு. ஆனால் அதை வாங்குகிறவர் குடிக்க மாட்டார். குடிக்கப்போகிறவர் அரிவாளோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்!

படை வீடு, படவேடு ஆன கதை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கண்ணமங்கலம் தாண்டி, சந்தவாசலில் திரும்பினால் மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். இருபக்கமும் வாழைத் தோட்டங்கள். சம்புவராயர்கள் காலத்தில் தலைநகராக இருந்த ஊர். படை தங்கிய வீடு, 'படைவீடு' என்பதே பேச்சு வழக்கில் படவேடு ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இங்கே ஏராளமான கோயில்கள் இருந்தன. மண் மூடிக் கிடந்த பல கோயில்கள் கடந்த சில பத்தாண்டுகளில் மீட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. யோக ராமர் கோயிலில் ராமர் கையில் வில் இல்லாமல் உட்கார்ந்திருக்க, எதிரே அனுமன் சுவடி படித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் போகலாம்.

ஆடி மாதத்தில் வெள்ளிக்குவெள்ளி இங்கே கூட்டம் அலைமோதும். மொட்டை அடித்த குழந்தைகள், வேப்பிலை கட்டி வலம் வருபவர்கள், அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் பெண்கள் என்று ஊரே புகையும் மஞ்சளுமாக இருக்கும். ஆரணிப் பக்கத்து நெசவாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வருஷாவருஷம் வந்தே தீரவேண்டிய இடம்.

இந்த நெசவாளர்களை இங்கே இழுத்துவரக் காரணம் இருக்கிறது. ஒரு பட்டுச் சேலையைக் கையில் கொடுத்தால் அவர்கள் முதலில் கலரைப் பார்க்க மாட்டார்கள். விரலும் கட்டை விரலும் துணியை லேசாகக் கசக்கும். பிறகு கரையைத் திருப்பி உள்பக்கம் ஜரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்து நெசவு சீராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆரணிப் பட்டு, காஞ்சிபுரம் பட்டைவிடக் கொஞ்சம் லேசானது. அந்த லேசுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைக் கை சொல்லிவிடும், தராசு வேண்டாம்.

நல்ல சுருட்டைப் பார்க்கத் தெரிந்த பெரியவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

முகரக் கூடாது!

பூஜை சாமான் கடையில் 'சாமிக்குச் சுருட்டு குடுங்க' என்று கேட்டால், பெரும்பாலும் கடைக்காரர் கட்டிலிருந்து இரண்டை உருவிக் கொடுத்துவிடுவார். இன்றைய தலைமுறை அதை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும். விஷயம் தெரிந்தவர்கள் விட மாட்டார்கள். கட்டையே கேட்பார்கள்.

முதல் பார்வை மேலே சுற்றியிருக்கும் இலைக்கு. நிறம் முனைக்கு முனை ஒரே மாதிரி இருக்கவேண்டும். பச்சை திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இலை சரியாகப் பழுக்கவில்லை, அவசரத்தில் சுருட்டியிருக்கிறார்கள். நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தால் மட்டமான இலை. நல்ல இலையில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு இருக்கும்.

அடுத்தது விரல். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போகவேண்டும். அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்ப எழும்பவேண்டும். எங்காவது பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே இலை குறைவு, அந்த இடம் சரசரவென்று எரிந்துவிடும். எங்காவது கல் மாதிரி இருந்தால் காற்று போகாது, இழுத்து இழுத்துக் கன்னம் குழிவிழும். காதருகில் வைத்து லேசாக உருட்டும்போது சருகு நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்து போன சரக்கு.

இதற்கு மேல் சாதாரணமாக வாங்குகிறவர் முகர்ந்து பார்ப்பார். சாமிக்கு வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. படையலுக்கு வாங்கும் பூவைக்கூட முகரக் கூடாது என்று வளர்த்த ஊர் இது. முகர்ந்தால் எச்சில் பட்ட மாதிரி. ஆக, உலகத்திலேயே கஷ்டமான சுருட்டுப் பரிசோதனை இதுதான்: மூக்கையும் நாக்கையும் கட்டிப்போட்டுவிட்டு, கண்ணையும் விரலையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

படையல் முடிந்து, மருள் வந்து ஆடுகிறவர் அதை வாங்கிப் பற்ற வைக்கும்போதுதான் தீர்ப்பு சரியா என்று தெரியும். பாதியில் அணைந்துபோகும் சுருட்டை வாங்கி வந்தவரைப் பெரிசுகள் ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், அடுத்த வருஷம் அவர் கடையை மாற்றிவிடுவார்.

உறையூர் என்ற இன்னொரு நெசவு ஊர்

தமிழ்நாட்டில் சுருட்டு என்றதும் பெரியவர்கள் வாயில் வரும் பெயர் திருச்சி. படவேட்டிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, திருச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது உறையூர். முற்காலச் சோழர்களின் தலைநகரம். கூரையில்லாத கருவறையில் வெக்காளியம்மன் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கும் ஊர். இதுவும் நெசவு ஊர்தான். கைத்தறிப் பருத்திச் சேலைக்குப் பெயர் பெற்றது. இந்த ஊர்த் தெருக்களில்தான் திருச்சி சுருட்டும் பிறந்து வளர்ந்தது.

புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்தது. 1600-களின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து ஒரு தூதர் அக்பரின் அரண்மனைக்குப் புகையிலை கொண்டுபோனதாகப் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் இங்கிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. ஆங்கிலத்தில் இரு முனையும் வெட்டிய சுருட்டுக்கு 'செரூட்' என்று பெயர். அது நம்ம 'சுருட்டு'தான்! இலையைச் சுருட்டினான், அதனால் சுருட்டு. வந்த வெள்ளைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்து அகராதியில் ஏற்றிவிட்டார்கள்.

சிகாருக்கும் சுருட்டுக்கும் வித்தியாசம் அந்த முனையில்தான். ஹவானா சிகாரின் வாய் வைக்கும் பக்கம் மூடியிருக்கும். அதை வெட்ட ஒரு குட்டிக் கத்தி வேண்டும், அந்தக் கத்தியே ஒரு அந்தஸ்து. சுருட்டுக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். தீப்பெட்டி போதும்.

உறையூரில் சுருட்டினாலும் இலை வெளியூர்தான். திண்டுக்கல் என்றால் இன்று பூட்டும் பிரியாணியும். ஒரு காலத்தில் புகையிலை. சென்னையின் ஸ்பென்சர் கம்பெனியே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. சுருட்டுப் புகையிலையை ஆராய்வதற்கென்றே திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் 1948-ல் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆந்திராவில் கோதாவரி ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டுகளை 'லங்கா' என்பார்கள். அங்கே விளையும் 'லங்கா புகையிலை'யும் சுருட்டுக்குப் பேர் போனது.

ஒரு சுருட்டுக்குள் மூன்று அடுக்கு இருக்கிறது. நடுவில் நிரப்பும் இலை, அதை உருட்டிக் கட்டிப்பிடிக்கும் இலை, வெளியே அழகுக்கும் மணத்துக்கும் சுற்றும் மேலிலை. செடியிலிருந்து பறித்த பச்சை இலையில் அந்த வாசனை எதுவும் இருக்காது. காயவைத்து, கட்டிக் கட்டாக அடுக்கி, மூடி வைப்பார்கள். அடுக்குக்குள் தானாகவே சூடு ஏறும், இலை புழுங்கும். பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே மாற்றி, மறுபடி அடுக்குவார்கள். கிட்டத்தட்ட இட்லி மாவு புளிப்பது மாதிரியான வேலை, ஆனால் ஒரு ராத்திரியில் முடியாது, வாரக்கணக்கில் நீளும். இதில் அவசரப்பட்டால் சுருட்டில் அமோனியா நெடி அடிக்கும். மூக்கில் சுருக்கென்று ஏறும் அந்த நெடியை வைத்தே 'இது இன்னும் புழுங்கவில்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

சுருட்டுபவருக்கு முன்னால் ஒரு பலகை, ஒரு கத்தி, கொஞ்சம் பசை. அவ்வளவுதான் மெஷின். ஈரம் தெளித்து இளக்கிய இலையின் நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, உள்ளிலையைக் கையில் சேர்த்துப் பிடித்து உருட்டுவார். எவ்வளவு இலை என்று அளக்க மாட்டார், உள்ளங்கைக்குத் தெரியும். பிறகு மேலிலையைச் சாய்வாகப் பிடித்து ஒரு முனையிலிருந்து சுற்றிக்கொண்டே போய் முடிப்பார். இறுக்கிச் சுற்றினால் புகை வராது, தளர விட்டால் நெருப்பு ஓடிவிடும். ஆரணியில் தறி நெய்கிறவர் பாவு நூலின் இழுப்பை விரலால் உணர்வது போலத்தான் இதுவும்.

சாம்பலை வைத்துக் கொலையாளியைப் பிடித்தவர்

திருச்சி சுருட்டை உலகப் புகழ் பெறச் செய்தது ஒரு துப்பறிவாளர். அதுவும் கற்பனைத் துப்பறிவாளர். ஆர்தர் கோனன் டாயல் எழுதி 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைக் கொஞ்சம் பொறுக்கி எடுக்கிறார் ஹோம்ஸ். அது கருப்பாக, அடுக்கடுக்காக உதிர்கிற சாம்பல். அதை வைத்தே 'கொலையாளி குடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு' என்று சொல்லிவிடுகிறார்! லண்டன் வாசகர்களுக்குத் திருச்சி சுருட்டு அந்த அளவுக்குத் தெரிந்த சரக்காக இருந்ததால்தான் கதையில் அது எடுபட்டது.

சாம்பல் பார்ப்பது கதைக்காகச் சொன்னது மட்டுமல்ல. சிகார் ருசி பார்ப்பவர்கள் இன்றும் சாம்பலைத்தான் கவனிப்பார்கள். இலை விளைந்த மண்ணில் என்ன உப்பு இருக்கிறதோ அதற்கேற்பச் சாம்பல் வெள்ளையாகவோ, சாம்பல் நிறமாகவோ, கருப்பாகவோ வரும். நன்றாகச் சுருட்டியதில் சாம்பல் உடனே உதிராது, ஒரு விரற்கடை நீளத்துக்கு அப்படியே நிற்கும்.

அடுத்து சர்ச்சில். பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் நம்ம ஊர்ச் சுருட்டுக்கு ரசிகர் என்று திருச்சிக்காரர்களும் சொல்வார்கள், திண்டுக்கல்காரர்களும் சொல்வார்கள். இளம் ராணுவ அதிகாரியாக 1896-லிருந்து சில வருஷம் பெங்களூரில் இருந்தவர் அவர், ஆகவே கதைக்கு இடம் இருக்கிறது. ஆனால் அவர் உயிராக நேசித்தது கியூபாவின் ஹவானா சிகாரைத்தான் என்பதை அவர் வாழ்க்கையே சொல்கிறது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1941-ல் கியூபாவிலிருந்து அவருக்கு ஒரு பெட்டி நிறைய சிகார் பரிசாக வந்தது. பாதுகாப்பு அதிகாரிகள் பதறிப்போய், விஷம் இருக்கிறதா என்று சாம்பிள் எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். சர்ச்சில் பொறுமையாகக் காத்திருக்கவில்லை. வந்ததை எடுத்துச் சக மந்திரிகளுக்கு விநியோகித்துவிட்டார்!

அந்த ஹவானா உலகில் இன்றும் ராஜ மரியாதை பெறுவது 'கோஹிபா'. 1966-ல் ஃபிடல் காஸ்ட்ரோவுக்காகத் தனியாகச் சுருட்டத் தொடங்கியது. வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகப் போகும். கடைக்கு வந்தது 1982-ல்தான். அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா சரக்குக்குத் தடை போடுவதற்கு முன், தன் செய்திச் செயலாளரை அனுப்பி 1,200 சிகார்களை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே கையெழுத்துப் போட்டார். இதைச் சொன்னவர் அந்தச் செயலாளரேதான்.

இப்படிப்பட்ட சிகார்களுக்கு மார்க் போடும் பத்திரிகைகள், மேலே ஒட்டியிருக்கும் கம்பெனிப் பட்டையை உரித்துவிட்டுத்தான் ருசி பார்க்கக் கொடுக்கும். பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காக. தோற்றம், ருசி, எரியும் விதம், மொத்தத்தில் எப்படி என்று பிரித்து நூற்றுக்கு மதிப்பெண். பற்ற வைப்பதிலும் நிதானம் வேண்டும். தீக்குச்சியின் மருந்து நெடி போகும் வரை பொறுத்து, முனையைத் தீயில் படாமல் மேலே காட்டி, சுற்றிச் சுற்றி வாட்டவேண்டும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயோடு நிறுத்தி வெளியே விடவேண்டும். முதல் மூன்றில் ஒரு பங்கு மென்மை, நடுப்பங்கு முழு ருசி, கடைசிப் பங்கில் கசப்பும் காரமும். அந்தக் கசப்பு எட்டிப்பார்த்ததும் வைத்துவிடவேண்டும். பட்டை இல்லாத உறையூர்ச் சுருட்டை வருஷம் முழுக்க விரலால் தடவியே எடைபோட்டவர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் பழசு.

வாயோடு நிறுத்தினால் மட்டும்?

'சிகரெட் மாதிரி உள்ளே இழுப்பதில்லையே, அதனால் சுருட்டு ஒன்றும் செய்யாது' என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். தவறு. சுருட்டுப் புகையில் காரத்தன்மை அதிகம், அதனால் நிகோடின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டுக்கும் சொந்தம்தான். ஆந்திராவின் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கடலோர கிராமங்களில் பெண்கள் எரியும் முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சுருட்டுக் குடிக்கும் பழக்கம் உண்டு. அவர்களுக்கு மேல் அண்ணத்தில் வரும் புற்றுநோயை மருத்துவர்கள் பல வருஷங்களாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2003-ம் வருஷச் சட்டப்படி குற்றம். சாமிக்கு என்று சொல்லிப் பேரனைக் கடைக்கு அனுப்பும் தாத்தாக்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சுருட்டுகிறவர்கள் கதை இன்னும் சிக்கலானது. குடிக்காவிட்டாலும் நாள் முழுக்க இலைத்தூசியைச் சுவாசிக்கிறார்கள், ஈர இலையைக் கையால் அளைகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. இவர்களுக்காகவே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-ல் வந்தது. வேலை நேரம், விடுமுறை எல்லாம் அதில் இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுகிறவருக்கு எந்தக் கடிகாரம்? உறையூரில் ஒரு காலத்தில் தெருத்தெருவாக நடந்த வேலை இன்று சில இடங்களில் மட்டும் மிச்சம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் பெற்றவர்களுக்கு வருத்தம் இருக்குமா என்று கேட்டால், பலருக்கு நிம்மதிதான். புகையிலைத் தொழில் ஒழியவேண்டும் என்பதும் நியாயம், அந்தக் கைகளுக்குத் தெரிந்தது ஒழிந்துபோகிறதே என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியவில்லை.

அந்த வேலையில் ஒரு சுகமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில்களில் பத்து இருபது பேர் உட்கார்ந்து சுருட்டும்போது, ஒருவர் மட்டும் சுருட்டாமல் சத்தமாகப் பத்திரிகை படிப்பார். கைகள் இலையில், காதுகள் செய்தியில். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட உலக அரசியல் பேசிய இடம் அது. ஆச்சரியம் என்னவென்றால், கடல் கடந்து கியூபாவிலும் இதே பழக்கம் 1865 முதல் இருக்கிறது. அங்கே நாவல்களும் படிப்பார்கள். 'மான்டே கிறிஸ்டோ' என்ற பிரபல சிகார் பெயர், அப்படித் தொழிலாளர்கள் கேட்டு ரசித்த அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

மழையில் நனைந்த பக்தருக்கு ஒரு சுருட்டு

திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை. மயில்களுக்குப் பெயர் போன ஊர். சதிர் ஆட்டத்துக்கும்தான். இந்தக் கோயில் சதிர் மரபின் கடைசிக் கண்ணியான விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைமேல் ஆறு முகத்தோடு மயில்மேல் அமர்ந்த சண்முகநாதர், வள்ளி, தெய்வானை. திருவண்ணாமலையில் பிறந்த அருணகிரிநாதர் இங்கே வந்து பாடியிருக்கிறார்.

ஏரிக்கரை முனீஸ்வரனுக்கும் கருப்பசாமிக்கும் சுருட்டு வைப்பதில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் அங்கேயும் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துத்தான் கும்பிட்டார்கள். ஆனால் விராலிமலையில் சுருட்டு நைவேத்தியம் முருகனுக்கு! பால், பழம், பஞ்சாமிர்தம் சாப்பிடுகிற முருகனுக்கு!

கோயிலில் சொல்லப்படும் கதை இது. குமாரவாடி ஜமீனில் வேலை பார்த்தவர் கருப்பமுத்துப் பிள்ளை. வெள்ளிக்கிழமை தவறாமல் விராலிமலைக்கு வந்து முருகனைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை பேய் மழை, ஆற்றில் வெள்ளம். கரையில் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறார். பசி ஒருபக்கம், சுருட்டுக் குடிக்கும் பழக்கம் உள்ளவர் என்பதால் அந்த ஏக்கம் மறுபக்கம். அப்போது பக்கத்தில் யாரோ ஒருவர் வந்து நின்று, 'இந்தாங்க' என்று சுருட்டும் நெருப்பும் கொடுக்கிறார். குளிருக்கு இதமாக இருக்கிறது. பிறகு ஆற்றைக் கடக்கவும் துணை செய்கிறார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளை, சந்நிதியில் நின்று பார்த்தால் முருகன் காலடியில் சுருட்டு! கூட வந்தவரைத் தேடினால் ஆளைக் காணோம்.

அன்றிலிருந்து இங்கே சுருட்டு நைவேத்தியம். பின்னாளில் புதுக்கோட்டை மன்னர் ஒருவர், 'கோயிலில் சுருட்டா?' என்று நிறுத்தச் சொன்னாராம். முருகன் அவர் கனவில் வந்து, 'இது புகைப்பதற்கு ஆதரவு இல்லை, கஷ்டத்தில் நிற்கிறவனுக்கு உதவியதன் அடையாளம்' என்று சொன்ன பிறகு வழக்கம் தொடர்ந்தது என்கிறது கதை.

கதையில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த இருட்டில், கொட்டும் மழையில் கருப்பமுத்துப் பிள்ளை வாங்கிய சுருட்டுக்கு நிறம் பார்த்திருக்க முடியாது, விரலால் அழுத்திப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அது எரிந்தது. மழையில் அணையாத சுருட்டுக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடுவது?

இப்போது பல ஊர்களில் படையல் இலையில் சுருட்டுக்குப் பதிலாக ஃபில்டர் சிகரெட் பாக்கெட் வந்துவிட்டது. கடையில் சுருட்டு கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். வாங்கத் தெரியவில்லை என்பது இன்னொன்று. முனீஸ்வரனுக்கு ஃபில்டர் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள், தாங்களே கட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுகிறார்கள். வீட்டில் யாரும் தொடாத அந்தச் சுருட்டு, வருஷத்துக்கு ஒரு நாள், இரண்டே இரண்டு, செய்தித்தாள் சுற்றிப் பையின் அடியில் போகிறது.

போய்வர நினைப்பவர்களுக்கு: படவேட்டுக்கு ஆரணி, வேலூர், போளூர், திருவண்ணாமலையிலிருந்து போய்வரலாம். ஆடி வெள்ளி, ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஏறும். ரேணுகாம்பாளைத் தரிசித்த கையோடு யோக ராமர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். விராலிமலைக்குத் திருச்சியிலிருந்து மதுரைப் பக்கம் போகும் பேருந்துகளில் ஏறலாம். சுமார் இருநூறு படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறலாம். சாயங்காலம் போனால் மயில் அகவுவது கேட்கும். படியேறும்போது பையை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மலைக் குரங்குகளுக்குத் தேங்காய் எது, பழம் எது, சுருட்டு எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை கிடையாது.